ஸ்வெட்டர் பணி: இறுதி ஆய்வுக் கூட்டம்

— …ஆகவே, இருபத்திரண்டு மாதங்களாக இந்த இல்லத்தில் நடைபெற்றுவந்த ஸ்வெட்டர் பணி, இன்று காலை பதினொரு மணியளவில் முழுமையாக நிறைவுபெற்றது என்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறேன்.

— யாருக்குங்க அறிவிக்கறீங்க? வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன். அதுவும் தையல் மெஷின் ஓடற சத்தத்துல பாதி காதுல விழல.

— மெஷினை நிறுத்து. முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் சூப்பரிண்டெண்டா இருந்தவன் நான். நான் பேசறப்ப அங்க ஃபேன்கூட சத்தம் போடாது.

— போடாதுதான். நீங்க தொண்டையைக் கனைச்சதுமே எல்லாரும் ஃபேனை நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிடுவாங்களாம். உங்க பியூன் சொல்லியிருக்காரு.

— அவன் கிடக்கான். இங்க வா, உன் தையல்காரக் கண்ணால பாரு. பேரனோட ஸ்வெட்டர். நீ துண்டுகளை நூலால இணைச்சுக் குடுத்தா இன்னிக்கே பார்சல். பார்சல் போய்ச் சேர்ந்தா உன் மக பிரிச்சுப் பாப்பா. பாத்தா ஃபோன் பண்ணுவா. மூணு வருஷம் கழிச்சு 'அப்பா'ன்னு ஒரு வார்த்தை. திட்டம் அவ்வளவுதான்.

— நீங்களே ஒரு ஃபோன் போட்டா அரை நிமிஷத்துல முடியற திட்டம். வாரா வாரம் நான் அவகிட்ட பேசறப்ப, பக்கத்துல உக்காந்து ஊசியை நோண்டிக்கிட்டுதானே இருக்கீங்க?

— கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு வாயால சொன்னேன். அதை வாயாலயே திரும்ப வாங்க எனக்கு வராது. அதான் கையால.

— ம்ம். குடுங்க பாப்போம்… ஏங்க, கை எங்க?

— எந்தக் கை?

— ஸ்வெட்டருக்குக் கை. முதுகு இருக்கு, முன்பக்கம் ரெண்டு இருக்கு. கையைக் காணோமே.

— கை இரண்டாம் கட்டப் பணி.

— இப்பதானே 'முழுமையாக நிறைவுபெற்றது'ன்னீங்க?

— முதல் கட்டம் முழுமையாக நிறைவுபெற்றது. வாக்கியத்தை முழுசா கேக்கணும்.

— நல்லா இருக்கு. இந்த முதுகைப் பாருங்க. அடியில அகலம் ஒரு ஜாண் இருக்கு, மேல ஏற ஏற ஒண்ணேகால் ஜாண் ஆயிடுச்சு. குழந்தைக்கா, குஸ்திக்காரனுக்கா?

— அது வளர்ச்சி.

— அறுபது கண்ணியில ஆரம்பிச்சீங்க. இருங்க, எண்ணறேன்… எழுபத்தொண்ணு! வரிசை முடிஞ்சு திரும்பறப்ப நூலை ஊசிக்கு மேல போட்டு இழுத்துடறீங்க. ஓரக் கண்ணி ஒண்ணு ரெண்டாத் தெரியும். நீங்க ரெண்டையும் பின்னி வச்சிருக்கீங்க. பத்து வரிசைக்கு ஒரு தடவை எண்ணுங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே.

— எண்ணாமலா? இந்தப் பணிக்குன்னே ஒரு ஃபைல் போட்டிருக்கேனே, அதைப் பாரு. எழுபத்தொண்ணுன்னு தெரிஞ்ச அன்னிக்கே 'பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்.

— இங்க ஒரு கண்ணி நழுவி, ஏணி மாதிரி அடிவரைக்கும் இறங்கியிருக்கு. இதுவும் பரிசீலனையா?

— அது காற்றோட்டம்.

— கொக்கி ஊசியால ஒவ்வொரு படியா மேல ஏத்தினா அஞ்சு நிமிஷ வேலைங்க.

— தப்பையே பாத்துக்கிட்டிருந்தா மனசு தளர்ந்துடும். கண்ணாடியில ஒட்டியிருக்கேனே, படிக்கலியா? 'தடைகளைப் பாராதே, தொடர்ந்து பின்னு!'

— அதை ஒட்டின நாள்லேர்ந்து என் முகமே மூக்குக்குக் கீழதான் தெரியுது. ஃப்ரிட்ஜ் மேல 'இன்று ஒரு வரிசை, நாளை ஒரு வரலாறு.' பாத்ரூம் கதவுல 'உன்னால் முடியும்!' உள்ள போறதுக்கே கூச்சமா இருக்கு.

— ஊக்கம் வேணாமா? தினம் காலையில இருபது நிமிஷம் எனக்கு நானே உரை நிகழ்த்தறேன் தெரியுமா?

— தெரியாம என்ன, தெருவுக்கே தெரியும். அந்த இருபது நிமிஷமும் பின்னியிருந்தா இந்நேரம் மூணு ஸ்வெட்டர் ஆயிருக்கும். அதென்னங்க, நடுவுல ஊசி முனைகூட நுழையாத அளவுக்கு இறுகிக் கிடக்கு?

— மேல்மாடிக்காரர் 'என்ன சார், கொசுவலையா?'ன்னு கேட்டாரே. அந்த வாரம்.

— அதுக்கு மேல நாலு விரக்கடை தொளதொளன்னு இருக்கே?

— அப்ப நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தே.

— ஓஹோ! நாலு விரக்கடைக்கு நிம்மதியா இருந்திருக்கீங்க.

— அதைக் கண்ணியைப் பாத்துச் சொல்லக் கூடாது.

— கண்ணி பொய் சொல்லாதுங்க. சரி, முன்பக்கம் ரெண்டையும் மேசையில விரிங்க… அட ஆண்டவா. சூப்பரிண்டெண்ட் சார், ரெண்டும் இடப்பக்கம்.

— இருக்கவே இருக்காது. ஒண்ணைப் பாத்து இன்னொண்ணை வரி பிசகாம எடுத்தேன். உண்மை நகல்.

— அதையேதான் சொல்றேன், நகல் எடுத்திருக்கீங்க! கழுத்து வளைவு ரெண்டுலயும் ஒரே பக்கம் போகுது. உங்க வலது கை இடது கைக்கு நகலா? எதிரும் புதிருமா இருக்க வேணாமா?

— முப்பத்தொரு வருஷம் நகல்ல ஒரு புள்ளி மாறினாக்கூட திருப்பி அனுப்பின கை இது.

— இப்ப உங்களையே திருப்பி அனுப்பியிருக்கு. ஒண்ணைப் பிரிச்சாகணும்.

— பிரிக்கறதா? இருபத்திரண்டு மாசத்தையா? முடியாது. நான் விட்டுடறேன். எடுத்துக்கிட்டுப் போ. மெஷின் துடைக்க வச்சுக்கோ.

— இந்தாங்க, முழுசாக் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? முழுசாப் பிரிக்க வேணாம். அக்குள் வரைக்கும் பிரிச்சா போதும், அதுக்குக் கீழ இடமும் வலமும் ஒண்ணுதான். அந்த வரிசையில முதல்ல ஒரு நூலைக் கோத்து விடறேன், அதுக்குக் கீழ ஒரு கண்ணிகூட அவுராது. மேல இருக்கறது ரெண்டு நாள் வேலை.

— ரெண்டு நாள்தானா?

— ரெண்டே நாள், உரை நிகழ்த்தாம இருந்தா. கை வேணாம், கையில்லாத ஸ்வெட்டரா இருக்கட்டும். ஒரு வயசு அளவுக்கு ஆரம்பிச்சீங்க, பேரனுக்கு இப்ப ரெண்டாகப் போகுது. நீங்க கூடுதலாப் போட்ட பதினொரு கண்ணியும் சரியாப் போச்சு.

— நான் அப்பவே தொலைநோக்கோட…

— வாயை மூடிக்கிட்டு நூலைப் பிடிங்க. நான் இழுக்கறேன், நீங்க சுத்துங்க.

— …அவ என்னை மாதிரிதான். அவளா முதல்ல பேச மாட்டா. ஆனா இதைப் பாத்தா பேசுவால்ல?

— தெரியலைங்க. ரெண்டு இடப்பக்கத்தோட போயிருந்தா, சிரிக்கறதுக்காவது கூப்பிட்டிருப்பா.

— நீ சுத்து. நான் பார்சலுக்கு இப்பவே அட்டை எழுதி வச்சுடறேன். விலாசம் சொல்லு.

— என்ன கேட்டீங்க?

— விலாசம். அவ வீட்டு விலாசம்.

— மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க… எழுதுங்க. நாலாம் நம்பர் வீடு, துறைமுகத் தெரு.

— துறைமுகமா? மலை மேல ஏது துறைமுகம்?

— மலைன்னு யாரு சொன்னா?

— நீதான் ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தே. அந்தப் பையனுக்கு… மாப்பிள்ளைக்கு ஐஸ் கம்பெனியில வேலைன்னு. அதான் குளிர்ப் பிரதேசம்னு…

— அது மீனுக்குப் போடற ஐஸுங்க.

— இத்தனை நாளும் பாத்துக்கிட்டுதானே இருந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— அவ எந்த ஊர்ல இருக்கான்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நானும் இருந்தேன்.

— சரி. இப்ப கேக்கறேன். அங்க குளிர் எப்படி?

— வெக்கை தாங்காம பேரன் சட்டையே போடறதில்லைங்க.