காரமில்லாத சின்னப் பானை

மேட்ச் நாளில் சமைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகும் ஒருவன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால் அவனுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று அர்த்தம். காலையில் எல்லாவற்றையும் மின்சாரப் பானையில் போட்டு மூடிவிட வேண்டும். மதியம் ஒரு மணிக்குக் கரண்டியையும் கிண்ணங்களையும் எடுத்து வைத்தால் வேலை முடிந்தது.

பானையில் என்ன போட்டேன் என்றுதானே கேட்டீர்கள், சொல்கிறேன். கொத்திய மாட்டிறைச்சி, சிவப்பு பீன்ஸ், தக்காளி, வெங்காயம், மிளகாய்த்தூள், சீரகம். நம் ஊரில் எல்லோரும் செய்கிற சில்லிதான். கடைசியில் ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட் போடுவேன். இனிப்புக்காக இல்லை, தக்காளியின் புளிப்பை அது அடக்கும். நீங்கள் சின்ன வயசு, உங்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

பெரிய பானை எங்கள் மூவருக்கு. பக்கத்தில் ஒரு சின்னப் பானை உண்டு, அது ஃப்ளோரியனுக்கு. அவனுக்கு மிளகாய் ஆகாது. ஒரு வாய் வைத்தால் காது சிவந்துவிடும். ஆகவே இருபத்திரண்டு வருடமாக அவனுக்கென்று தனியாக, காரமில்லாமல் செய்து, மூடியில் அவன் பெயரை ஒட்டி வைப்பேன். எங்களோடு ஆட்டம் பார்க்க வருகிற சிநேகிதன் எர்வினின் மனைவி லொரெய்ன் அதைப் பார்க்கும்போதெல்லாம் தன் புருஷனிடம், "பாருங்க, சிநேகிதம்னா இப்படி இருக்கணும். நீங்க எனக்கு ஒரு முட்ட அவிச்சுக் குடுத்திருப்பீங்களா?" என்பாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதே லொரெய்ன்தான் என் வீட்டுப் பானையைக் கழுவாமல் எடுத்துவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தைக் கேட்காமல் தொடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இருக்கட்டும்.

போன ஞாயிறு ஃப்ளோரியன் என் வீட்டு நிலவறைக் கழிப்பறையில் செத்துப்போனான். வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் இந்த ஊருக்குக் கடிதம் கொண்டுவந்தவன். உங்கள் வீட்டுக்கும் அவன்தான் தபால்காரனாக இருந்திருப்பான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. என் மனைவி ஜெரால்டின் ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம் முழுவதும் நான் கேட்காமலே என் வாசல் பனியைத் தினமும் அள்ளிப் போட்டவன் அவன். நான் நன்றி மறக்கிற ஆள் இல்லை. அதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அவனிடம் இருந்த குறை ஒன்றுதான். ராசி இல்லாதவன்.

சிரிக்கிறீர்கள். உங்கள் அப்பா குழாய் வேலை செய்கிற வால்ட்தானே? நம் டீம் தொடர்ந்து ஜெயித்த வருடம் அவர் ஆறு வாரம் துவைக்காத சட்டையோடு தேவாலயத்துக்கு வந்து எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஜெயிக்கிற வரைக்கும் எதையும் மாற்றக் கூடாது. உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது. கழற்றி வைத்ததை எடுக்கக் கூடாது. ஒருவன் வெளியே போயிருக்கும்போது நமக்குப் புள்ளி கிடைத்தால் அவன் வெளியிலேயே இருக்க வேண்டும். இந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

ஃப்ளோரியன் வீட்டுக்குள் காலடி வைத்தால் நம் ஆள் கையிலிருந்து பந்து நழுவும். பதினோரு வருடத்துக்கு முன்னால் கடைசி உதைக்கு முன் அவன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் டிவி பார்க்கிற நிலவறைக்குப் படியிறங்கினான், பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. குடலிறக்க அறுவை செய்துகொண்டு படுத்திருந்தானே, அந்த ஐந்து ஞாயிறும் நாம் ஜெயித்தோம். அவனே சொல்லுவான்: "நான் தெருவுல வந்தா நாயே கடிக்கறதுக்கு யோசிக்கும்டா, அதுக்குப் பல்லு போயிடும்னு." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

இந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபத்தாறு வருடம் கழித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். எனக்கு அறுபத்தொன்பது வயது. இன்னொரு இருபத்தாறு வருடம் என்னிடம் இல்லை.

அவனைக் கூப்பிடாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படி முடியும்? தனியாள். அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. "ஃப்ளோரியன், இந்த வாரம் வராதேடா" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு ராத்திரி தூக்கமில்லாமல் யோசித்தேன். அவன் வரவும் வேண்டும், அறையில் இருக்கவும் கூடாது. பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது என்பார்களே. இல்லை, அந்தப் பழமொழி இங்கே பொருந்தாது. அதை எழுத வேண்டாம்.

மருந்துக் கடையில் வயிற்றை இளக்குகிற சாக்லேட் விற்கிறார்கள். ருசியில் வித்தியாசமே தெரியாது. வேலை செய்ய ஆறு மணி நேரம் ஆகும் என்று அட்டையில் இருந்தது. ஆகவே சின்னப் பானையை மட்டும் சனிக்கிழமையே செய்து, ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பழைய சில்லியை முட்டைமேல் ஊற்றிச் சாப்பிடுவது அவனுக்கு உயிர். அட்டையில் சொன்னதைவிட அதிகமாகத்தான் போட்டிருந்தேன். அவன் பெரிய உடம்புக்காரன், ஒரு துண்டு போதாது என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தவன் பானையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "இதுக்காக இந்தப் பனியில நடந்து வந்தியா? நீ இருக்கற வரைக்கும் எனக்கு என்னடா குறை" என்றான். எனக்கும் கண் கலங்கியது. பொய்யில்லை.

பன்னிரண்டரைக்குப் பானையோடும் ரொட்டியோடும் வந்தான். "பாதிய காலையிலயே தின்னுட்டேன். மீதி இருக்கு, யாரும் கைய வெக்காதீங்க" என்றான். அந்த நீலத் தபால் மேல்கோட்டைக் கழற்றி வழக்கமான நாற்காலியின் முதுகில் மாட்டினான். எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிற நாற்காலி.

ஆட்டம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. ஒன்றே முக்கால் மணிக்குப் பதினேழுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கியிருந்தோம். எர்வினுக்கு வாய் சும்மா இருக்காது.

"டேய் ஃப்ளோரியன், அந்தச் சுவத்தப் பாத்து உக்காருடா. உன் மூஞ்சி டிவில தெரியுது போல, நம்ம பசங்க பயந்து சாகறாங்க."

"பந்தக் கீழ போட்டது நானாடா? போன வாரம் சர்ச்சுல காணிக்கைத் தட்டக் கீழ போட்டியே, அதுவும் என் ராசிதானா?"

லொரெய்ன் சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோரியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நம் பையன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான், நமக்கு முதல் டச்டவுன்.

"அங்கயே இருடா! வெளிய வராத!" என்று எர்வின் கத்தினான்.

"ஒரு டச்டவுனுக்கு ஒரு தடவன்னா நான் செத்தே போயிடுவேன்டா" என்று உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

பதினேழுக்கு ஏழு. அரை மணி கழித்து அவன் வெளியே வந்தான். முகம் மாவு மாதிரி இருந்தது. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் எதிராளி உதைத்து மூன்று புள்ளி எடுத்தான். எர்வின் தலையில் அடித்துக்கொண்டான். ஃப்ளோரியன் எங்கள் மூவரையும் பார்த்தான். "சரி சரி, போறேன். ஊருக்காக ஒருத்தன் கஷ்டப்பட்டா தப்பில்ல" என்று சொல்லிவிட்டுத் தானாகவே திரும்பிப் போனான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவன் போனான், மறுபடியும் டச்டவுன். இருபதுக்குப் பதினான்கு. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

கடைசிப் பகுதியில் ஆறு நிமிடம் பாக்கி. பந்து நம்மிடம். அப்போதுதான் உள்ளேயிருந்து அவன் என்னைக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

"நார்ப்... என் கோட்டக் குடுடா."

"குளிருதா? துண்டப் போத்திக்கோ!" என்றான் எர்வின். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்க்கிறான் என்று அவன் நினைத்தான். தப்பில்லை, கேட்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

லொரெய்ன் மட்டும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அவர் குரல் சரியில்ல, நார்பர்ட். நான் போயி ஒரு எட்டுப் பாத்துட்டுக் கோட்டக் குடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள். கையை நீட்டியும் விட்டாள்.

இதுவரை உங்களிடம் சொன்னதெல்லாம் லொரெய்னும் சொல்லியிருப்பாள். இனி சொல்லப்போவது அவளுக்குத் தெரியாது.

அந்த மேல்கோட்டின் உள்பையில் ஒரு சின்னப் பழுப்பு பாட்டில் இருந்தது. நவம்பரில் அவனை மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனது நான்தான். நெஞ்சு பிசைந்தால் உடனே ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், பாட்டிலைப் பிரியவே கூடாது என்று கடைக்காரப் பெண் இரண்டு தடவை சொன்னாள். "என்னை நம்பாதம்மா, இவன்கிட்டச் சொல்லு, இவன்தான் ஞாபகம் வெச்சுக்குவான்" என்றான் ஃப்ளோரியன். நான் ஞாபகம் வைத்திருந்தேன். அவன் கோட்டு என்றதுமே பாட்டில்தான் என் கண்முன் வந்தது.

நான் லொரெய்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உக்காருங்க. கோட்டத் தொடாதீங்க. அது அங்க இருக்கறப்பத்தான் ரெண்டு தடவ டச்டவுன் வந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே, உட்கார்ந்துவிட்டாள்.

"நார்ப்" என்று இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் குழாயில் தட்டுகிற சத்தம், மூன்று தடவை. எர்வின் அதற்கு ஈடாக மேசையில் மூன்று தட்டு தட்டிச் சிரித்தான். நான் சத்தத்தைக் கூட்டினேன். பழக்கம்தான், கடைசி ஐந்து நிமிடம் எப்போதும் கூட்டிவிடுவேன்.

நாற்பது வினாடி இருக்கும்போது நம் பையன் மூலையில் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தானே, நீங்கள் பார்த்தீர்களா? டியூட்டியில் இருந்திருப்பீர்கள், பாவம். இருபத்தொன்றுக்கு இருபது. எர்வின் என்னைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதான். தெரு முழுக்கக் கார்கள் ஒலியெழுப்பின. லொரெய்ன்தான் முதலில் கழிப்பறைப் பக்கம் ஓடினாள்; ஆம்பளை உள்ளே இருக்கிற கழிப்பறை என்று திறக்கத் தயங்கிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் ஆட்டம் முடிந்த விசில் வரை பொறுத்துத்தான் எழுந்தேன். எழுந்து, அவளைத் தாண்டிப் போய், கதவை நான்தான் திறந்தேன். அவன் தரையில் குழாயைப் பிடித்தபடி கிடந்தான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி அதனால் நெஞ்சு நின்றது என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம், நான் மருத்துவம் படித்தவன் இல்லை. சாக்லேட் போட்டது நான். கோட்டைக் கொடுக்க விடாமல் தடுத்தது நான். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று தெரிந்துதான் தடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் கொலை என்கிற சொல்லை நீங்கள் எழுதும்போது ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ராசிகெட்டவன் என்று பேர் வாங்கியவன், கடைசியாக ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு இதைவிட நல்லது யார் செய்திருக்க முடியும்?

கோட்டைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போக நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். அதில்தான் ஒரு வேண்டுகோள். ஞாயிறு ஒரு மணிக்கு அடுத்த ஆட்டம். அது முடிந்த பிறகு தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டிலும் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. அதுவரை அந்த நாற்காலியை யாரும் நகர்த்த வேண்டாம். கழிப்பறைக் கதவும் சாத்தியே இருக்கட்டும். உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் இதையேதான் சொல்வார்.