உப்புக் காற்றுக்குக் கொஞ்சம் ஒத்தாசை

டீயில் சர்க்கரை கூடுதலாகப் போடச் சொன்ன ஏட்டையாவுக்கு முதலில் நன்றி. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கேட்டபடி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஜெகதாப்பட்டினத்தில் பாகங்கள் வாங்கிக் கணினி செய்து விற்கும் பீட்டர் நான். பெட்டிக்கு மகள் பிளெஸ்ஸியின் பெயரையே வைத்தேன். உப்புக் காற்று உள்ளே புகாதபடி ஒவ்வொன்றையும் என் கையாலேயே அடைப்பேன். ஊரே பாராட்டும், பாராட்டிவிட்டுப் பெரிய கம்பெனிப் பெட்டியை வாங்கும்.

விசைப்படகுச் சங்கத்துக்கு ஒரு கணினி தேவைப்பட்டது. கடலில் ஆபத்து என்று படகுக்காரர் பொத்தானை அழுத்தினால், அது சங்கத்தில் மணி அடிக்க வேண்டும். செயலாளர் சிவசாமி என் தோளில் கை போட்டார்.

“பீட்டரு, ஒன் மெஷினு நல்லதுதாம்ப்பா. ஆனா பிளெஸ்ஸின்னு எழுதுன பொட்டிய வச்சா ஊரு சிரிக்குமே.”

“கம்பெனிப் பொட்டிய ஆறே மாசத்துல உப்பு தின்னுரும், பாருங்க” என்றேன். டீக்கடையிலும் சொன்னேன், ஏலக்கூடத்திலும் சொன்னேன்.

சங்கம் கம்பெனிப் பெட்டியையே வாங்கி வைத்தது. ஆறு மாதம் ஆயிற்று. தின்னவில்லை. “பீட்டரு, உப்புக்குப் பசிக்கலையா?” என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனிதனுக்குச் சொன்ன சொல் நிற்க வேண்டாமா? கண் மருந்துக் குப்பியில் கடல் தண்ணீர் எடுத்துக்கொண்டு, தினமும் சங்கத்துக்குப் பேப்பர் படிக்கப் போனேன். பெட்டியின் காற்றுத் துளைக்குள் நாளுக்கு இரண்டே சொட்டு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஒன்பதாம் நாள், படகுகளெல்லாம் கடலில் இருந்தபோது, பெட்டி அணைந்தது. கம்பெனி ஆள் மறுநாள்தான் வருவார் என்றார்கள். என்னைக் கூப்பிடுவார்கள் என்று கடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அன்று மாலை பெரியகருப்பனின் படகில் தண்ணீர் ஏறியிருக்கிறது. நான்கு பேர். மறுநாள் படகை மட்டும்தான் இழுத்து வந்தார்கள். பொத்தான் அழுத்தியபடியே இருந்தது.

நால்வரில் ஒருவரின் மனைவி அடைக்கலமேரி ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தார்.

“அண்ணே, ஒங்க மெஷினா இருந்திருந்தா மணி அடிச்சிருக்குமாண்ணே?”

“கண்டிப்பா அடிச்சிருக்கும்மா.”

அவர்தான் சங்கத்தில் அழுது சண்டை போட்டு என் பெட்டியை வாங்க வைத்தார். இன்றுவரை ஒரு பழுதில்லை. சொட்டு விட்டது நான்தான். அந்த நான்கு பேரின் சாவும் என் கையால்தான். அதையும் எழுதிவிட்டேன். ஆனால் வியாபாரத்தில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை ஐயா.