கட்டிலுக்கு இடதுபக்கம்

— கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தணும்மா. தண்ணி இங்கருந்துதான் வருது.

— ஹால் சுவர்தானே தம்பி ஊறிப்போச்சு? அதைக் காயவைக்க உங்க ஃபேனெல்லாம் அங்கதானே மூணு நாளா ஓடுது?

— ஒழுகறது நிக்காம ஊரு ஃபேனையெல்லாம் கொண்டுவந்து வச்சாலும் காயாது. இந்தக் காலனி வீடுங்கள்ல குழாயைக் கான்கிரீட் தரைக்குள்ள புதைச்சிருக்காங்க. நாப்பது வருஷத்துக் குழாய். ஓட்டை ஒரு இடம், ஈரம் ஒரு இடம்.

— அப்ப?

— வால்வை மூடிட்டு இந்தத் தரையை உடைக்கணும்.

— இன்னைக்கு வேணாம். அடுத்த வாரம் பாக்கலாம்.

— அதுவரைக்கும் ஒழுகட்டுமா?

— தலைக்கு மேல போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன.

— சுவர் இருந்தாத்தானேம்மா சித்திரம்? அடிப்பக்கம் பூரா பூசணம். உங்களுக்கு இருமல் வேற. "அம்மா வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாங்க, நீங்கதான் பாத்துக்கணும்"னு உங்க பொண்ணு போன்ல கெஞ்சுறாங்க.

— அவ அங்க இருந்துகிட்டு நல்லா கெஞ்சுவா.

— இந்த மெத்தையை எடுத்துடட்டுமா? தரையில யாரு படுக்கிறது?

— எங்க வீட்டுக்காரர். முதுகுவலி, கட்டில் ஆகாது. இருங்க, அதை நான் எடுக்கிறேன்.

— அவர் எங்கம்மா? ரெண்டு ஆளா தூக்கினா சுலபம்.

— போய்ப் பத்து மாசம் ஆச்சு.

— மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியாது.

— மெத்தையை எடுக்க மனசு வரல. அவ்வளவுதான்.

— அடிப்பக்கம் நைஞ்சுபோயிருக்கு பாருங்க. கையை வைங்க இங்க. சுடுதா? வெந்நீர்க் குழாய்தான். நாலு டைல்ஸ் அகலத்துக்குச் சூடு. வெறுங்கால்ல நடந்தாலே தெரியுமே.

— வயசாச்சு. கால் மரத்துப்போச்சு.

— சரி விடுங்க. வால்வு சமையலறைப் பக்கம்தானே?

— மூடினா எவ்வளவு நேரத்துல ஆறும்?

— எது?

— தரை. எவ்வளவு நேரத்துல சில்லுன்னு ஆயிடும்?

— சாயங்காலத்துக்குள்ள ஆறிடும். பயப்படாதீங்க, வெடிக்காது.

— பயம் இல்ல.

— பின்ன எதுக்கும்மா தள்ளிப்போடுறீங்க? முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா அந்தச் சுவர் தப்பிச்சிருக்கும்.

— முப்பத்தஞ்சு வருஷம் பிளம்பர் பொண்டாட்டி தம்பி நான். தரை சுட்டா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? அவர் போன ரெண்டாவது மாசம், விடியற நேரம், பழக்கத்துல கட்டில்லருந்து கையைக் கீழ போட்டேன். இப்பதான் எழுந்து பல்லு விளக்கப் போன மாதிரி அவர் இடம் இளஞ்சூடா இருந்துச்சு.