நன்னடத்தைப் பதக்கம்

காலை பஸ்ஸில் தன்லியினுக்குப் போவதென்றால் வலது பக்கம் உட்கார வேண்டும். முகத்தில் வெயில் அடிக்காது. எட்வினிடமும் அதைத்தான் சொன்னேன். மரியாதை தெரிந்த வெள்ளைக்காரர். மடியில் ஒரு நீலப் பெட்டியை அணைத்தபடியே வந்தார்.

மா சாயிமா, நீங்கள் வந்து கேட்டதால் சொல்கிறேன். அன்று நீங்கள் பாக்டரிக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் உங்கள் உம்மா சுல்தான் பீவி மட்டும்தான்.

பெட்டியில் எட்வினின் தாத்தா சார்ஜண்ட் ஹாலம் வாங்கிய ஏழு பதக்கங்கள் இருந்தன. இருபத்துநான்கு வருஷம் பிரிட்டிஷ் பட்டாளம். பாலஸ்தீனம், பர்மா, கொரியா, மலாயா. கடைசிப் பதக்கம் நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்கும் கொடுத்தது. எட்வின் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். 1946இல் தாத்தா இங்கே பர்மாவில், தன்லியின் அரிசி மில்லில் காவல் இருந்தார், அவரைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு, நான் குடியிருக்கும் பபேடானுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், ஊரில் எல்லாருக்கும் சயா. பேச்சை மொழிபெயர்க்க நானே கூட இருந்து உங்கள் உம்மாவிடம் அழைத்துப்போனேன்.

சார்ஜண்டின் போட்டோவைக் காட்டியதும் உம்மா அதன்மேல் விரலை வைத்தார்.

"இவன்தான். எங்க ஜுல்ஃபிகர் காக்காவ மில்லு வாசல்ல நிக்க வச்சுச் சுட்டான். அரிசி திருடினது கணக்குப்பிள்ளை தனசேகரன். மூட்டையெல்லாம் அவன் வூட்டுல கிடந்துச்சு. அவன்தான் காக்காவக் கை காட்டி விட்டான். சொல்லுங்க சயா, இவர்ட்ட சொல்லுங்க."

தனசேகரன் என் அப்பா. அது உங்கள் உம்மாவுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. எழுபது வருஷம் கழித்து, அந்நியர் ஒருவர் முன்னால், ஒரு குடும்பத்தின் பெயரை அப்படி இழுக்கலாமா? இருந்தாலும் நான் குரலை உயர்த்தவில்லை. எட்வினிடம் அமைதியாகச் சொன்னேன்: "இவருடைய அண்ணன் அரிசி திருடி மாட்டிக்கொண்டான். கூட்டம் அடித்தே கொன்றிருக்கும். உங்கள் தாத்தாதான் காப்பாற்றினார்."

எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து உம்மா மடியில் வைத்தார். உம்மா அதைத் தூக்கி எறிந்தார். பதக்கங்கள் சிமென்ட் தரையில் சிதறின. அவற்றின் மேல் மூன்று முறை துப்பினார்.

"கண்ணேறு படாமல் இருக்க இங்கே அப்படிச் செய்வார்கள்" என்றேன்.

எட்வின் நெகிழ்ந்துபோனார். குனிந்து, உம்மாவின் கையைப் பிடித்துச் சிரித்தபடி நன்றி சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் உம்மாவுக்குப் புரிந்தது. எழுந்து என் சட்டையைப் பிடித்தார்.

"என்னா சொல்லி வச்சிருக்கீங்க இவர்ட்ட? எங்க காக்கா திருடன் இல்ல. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

பிறகு எட்வின் பக்கம் திரும்பி, தெரிந்த இங்கிலீஷில் அவரே சொல்லிப் பார்த்தார். "சோல்ஜர் ஷூட். மை பிரதர். சோல்ஜர் பேட்."

"ஜப்பான்காரர்களைச் சொல்கிறார். வயதாகிவிட்டது, எல்லாம் குழம்பிவிடுகிறது" என்றேன். எட்வின் அவரைப் பரிதாபமாகப் பார்த்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். உம்மா என் சட்டையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து உங்களிடமும் பேசவில்லை, சோறும் தொடவில்லை, பதினோராம் நாள் மௌத்தாகிவிட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஜனாஸா அடக்கத்துக்கு நானும் வந்தேன். மூப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். மூப்பு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்தப் புத்தகத்தை உங்கள் மகன் ஆசிக் படித்துக் காட்டியிருக்கிறான். அதில் உங்கள் மாமா அரிசித் திருடன். உங்கள் கோபம் நியாயம்தான். அதனால்தான் எட்வினுக்கு நேற்றே எழுதிவிட்டேன். சுட்டது அவருடைய தாத்தா, ஜுல்ஃபிகர் திருடவில்லை, நான்தான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். திருடியவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது என்று போட்டிருக்கிறேன். செத்துப்போனவரைத் திருடன் என்று எழுதுவது பாவம், மா சாயிமா.