‘அம்மா’வின் நடுவில் ஒரு புள்ளி

அளந்து பேசுங்கள் என்று கண்ணாலேயே கட்டளையிட்டுவிட்டு அவைக்குத் தலைமை தாங்கும் அம்மையார் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட பெருந்தகை அவர்களே, அகவையில் மூத்த ஆன்றோர்களே, பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, நாளைக் காலை ஒன்றாம் வகுப்பின் வாசலில் முதன்முதலாகக் கால் வைக்கப்போகும் இளம் ஆசிரியர்களே, உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள் போட்டிருக்கிறார்கள். நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பட்டம் அதில் இல்லை. அது ‘இம்மன்னா சார்’. வழங்கியவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காரணம் தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வகுப்பறை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முழங்கால் உயரப் பெஞ்சுகள். ஓரம் உடைந்த கரும்பலகை. மேசைமேல் சாக்பீஸ் தூள். ‘ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா’ என்று நாற்பது குரல்கள் எழும்பும்போது சன்னல் கண்ணாடி அதிரும். புள்ளி வைத்த ம் வந்தால் ‘இம்மன்னா’ என்று நான் முழங்குவேன், வகுப்பும் முழங்கும். அந்த முழக்கத்தில் மயங்கி, இதுதான் கல்வி என்று பதினொரு ஆண்டுகள் மார்தட்டித் திரிந்தேன்.

அந்த நாற்பதில் ஒரு சிறுமி. எழுத்துகளின் பெயரையெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கச் சொன்னால் திணறுவாள். ஒருநாள் பலகையில் ‘அம்மா’ என்று எழுதி, வாசி என்றேன்.

“அ... இம்... மா. அயிம்மா.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. அவள் பிழையாகவா வாசித்தாள்? இல்லை ஐயா, இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை இம்மியும் பிசகாமல் வாசித்தாள். ‘இம்’ என்று சொல்லிக்கொடுத்த வாய் என் வாய், சிரிப்புக்கு ஆளானது அவள் வாய். அன்றைக்கு வாயை மூடியவள், இரண்டு வாரம் வகுப்பில் திறக்கவே இல்லை.

தலைமையாசிரியை கூப்பிட்டார். இன்றைய தலைவர் அல்ல, அவர் நிம்மதியாக இருக்கலாம். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க சார். ஒரு வார்த்தையாவது வாசிக்கலேன்னா பாலர் வகுப்புக்கே திருப்பி அனுப்பிடலாம்” என்றார். கூடப் படித்தவர்கள் மேலே போக, அவள் மட்டும் நாலு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். தாயிடம் சொல்லிவிடுவோம் என்று வியாழக்கிழமை சாயங்காலம் புறப்பட்டேன்.

தாய் ஒரு தையற்காரர். தையல் மெஷினைப் போட்ட பிறகு கதவு பாதிதான் திறக்கும், அவ்வளவு ஒடுக்கமான கடை. கையில் ஒரு சட்டைக் கழுத்து, உதடுகளுக்கிடையே அரை டஜன் குண்டூசி. வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள் என் வகுப்பு ஊமை. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னிக்குப் பெஞ்சுக் கால் ஒடஞ்சிடுச்சு.”

“ம்.”

“நாலு பேரு விழுந்தோம்.”

“ம்ம்?”

“நான் அழல.”

“ம்.”

“நாளைக்கு ஸ்கூலுக்குப் போகல.”

“ம்ஹூம்.”

வாசலிலேயே நின்றுவிட்டேன். ஊசி விழாமல் பேச அந்தத் தாய்க்கு வேறு ஒலி இல்லை. அந்த ஒன்றிலேயே சரி என்றார், அப்படியா என்றார், கூடாது என்றார். அதில் எங்கேனும் ஓர் ‘இ’ கேட்டதா? மூடிய உதட்டுக்குள் ‘இ’ எப்படி நுழையும்? பதினொரு ஆண்டுகள் நான் திறந்து வைத்துக் கெடுத்த எழுத்தை, அந்த அம்மா குண்டூசியால் மூடிக் காட்டினார்.

உள்ளே போய்ச் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அம்மா இப்ப என்ன சொன்னாங்க பாப்பா?”

“ம் சொன்னாங்க.”

“அத எழுதுவியா?”

துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்தாள். எதிரே மேசைமேல் கிடந்த கறுப்புத் துணியில் ம எழுதி, தலையில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்தாள். நான் அதற்கு முன்னால் அ போட்டேன், பின்னால் மா போட்டேன். “நடுவுல உள்ளத, அம்மா ஊசிய வச்சுக்கிட்டுச் சொல்ற மாதிரியே சொல்லு.”

“அ... ம்... மா.” உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அ, ம், மா.” பிறகு ஒரே மூச்சில், “அம்மா.”

எங்களுக்கு முதுகு காட்டி மெஷினில் குனிந்திருந்த தாய்க்கு நாங்கள் வாசிப்பது தெரியாது. உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்திவிட்டுத் திரும்பினார்.

“என்னடா கண்ணு?”

மேடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் தம்பி, வேண்டாம், நன்றி. இது தாகம் இல்லை.

“கூப்பிடலம்மா. வாசிச்சேன்.”

அந்த அம்மா மகளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார், அது வக்கீலோட கோட்டு” என்றார். சாக்பீஸைத் தட்டிவிடப் பிரஷைக் கையில் எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். “இருக்கட்டும். காலையில தொடச்சுக்கலாம்.”

மறுநாள் அவள் அம்மா வாசித்தாள், மரம் வாசித்தாள், பழம் வாசித்தாள். பாலர் வகுப்புக்குப் போகவில்லை. இன்று மருந்துக்கடை நடத்துகிறாள், டாக்டர் கையெழுத்தையே படித்துவிடுகிறாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இளம் ஆசிரியர்களே, எழுத்துக்குப் பெயர் இருக்கட்டும், முதலில் ஒலியைக் கொடுங்கள். உதட்டைக் காட்டுங்கள், நாக்கைக் காட்டுங்கள், மூச்சைக் காட்டுங்கள். பிள்ளை தவறினால், பிள்ளையைத் திருத்துமுன் உங்கள் பாடத்தைத் திருப்பிப் பாருங்கள். வாசிப்பு என்பது என்ன? ஒரு குழந்தை எழுத்தைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டு, ஊசியை எடுத்து வைத்துவிட்டு ஒரு தாய் திரும்பினாரே, அதுதான்.

அந்தத் தாய் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மேடைக்கு வாருங்கள் என்று அழைத்தேன். ‘ம்ஹூம்’ என்றார். புரிந்துகொண்டேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு எனக்கு ‘ம்’ கொட்டிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.