வராமல் போன எச்சரிக்கை: சந்திரிகா அக்காவுக்கு விடைவாழ்த்து

அவைக்கு அணிசெய்யும் தலைவர் சாத்தப்பன் ஐயா அவர்களே! இந்தச் சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தைத் தோளில் தாங்கிய பெரியோர்களே! வாரம் மூன்று நாள் ஊசி வலி பொறுத்தும் புன்னகை பூத்து வந்திருக்கும் தாய்மார்களே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கணினிப் பொறுப்பாளர் சந்திரிகா அக்கா அவர்களே! தாதி பிரேமாவின் தாழ்மையான வணக்கம்.

அன்று நம் நிலையம் கெலுகோர் ஊரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். ஆறே படுக்கைகள், தாதியருக்கு இரண்டே கணினிகள். நினைத்தாலே நெஞ்சு நெகிழும் காலம் அது! அந்தக் காலத்துத் திங்கட்கிழமை ஒன்றை இன்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வேன்?

காலை ஆறரை மணி. கருப்பையா அண்ணன் கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்து படுக்கையில் சாய்ந்தார். அவர் உடலிலிருந்து எவ்வளவு நீரை இறக்குவது, எந்த மருந்து ஆகாது என்ற குறிப்பெல்லாம் கணினிக்குள். கடவுச்சொல்லைத் தட்டினேன். காலாவதியாகிவிட்டது, மாற்று என்றது. மாற்றினேன், ஏற்கவில்லை. மறுபடி மாற்றினேன், ஏற்கவில்லை. பதற்றத்தில் பழையதும் புதியதுமாக அடிக்க, என் கணக்கே பூட்டிக்கொண்டது! பக்கத்துக் கணினியில் தாதி ஜெகதீஸ்வரிக்கும் அதே கதி.

அன்றைய மேலாளர் ஓடிவந்தார். யாரென்றா கேட்கிறீர்கள்? தலைவர் ஐயாவே சிரிக்கிறாரே!

“ரெண்டு வாரத்துக்கு முன்னாலயே கம்ப்யூட்டர் ஞாபகப்படுத்தும்லா! பார்க்காம தள்ளிவிட்டுட்டு இப்ப அழுதா எப்படி?”

“சத்தியமா வரவே இல்ல சார்!”

யார் நம்புவார்? அண்ணனுக்குப் பிராணவாயு வைத்து, டாக்டருக்குத் தொலைபேசி அடித்துவிட்டு, அவர் கையைப் பிடித்தபடி நின்றேன். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்த சந்திரிகா அக்கா, கைப்பையைக்கூட இறக்காமல் எங்கள் பூட்டைத் திறந்துவிட்டார். ஏழேகாலுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் ஓடியது. கருப்பையா அண்ணன் கண்ணைத் திறந்து, “இப்ப மூச்சு வருதும்மா” என்றார்.

வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். அக்கா என்னிடம் வந்தார்.

“பிரேமா, நெசமா வரலயா?”

“வரலக்கா.”

“சரி, நான் நம்புறேன். வா, உக்காந்து பார்ப்போம்.”

கடவுச்சொல்லின் காலம் முடியப்போகும் சோதனைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, இரண்டு கணினியிலும் நுழைந்து பார்த்தார். எச்சரிக்கை எட்டியும் பார்க்கவில்லை. அப்படியென்றால் கோளாறு இவற்றில் இல்லை என்று தலைமைக் கணினியைத் திறந்தார். எத்தனை நாள் முன்பு நினைவூட்ட வேண்டும் என்ற கட்டத்தில் பதினான்கு இருக்க வேண்டும். இருந்ததோ பூஜ்யம்! மூன்று மாதம் முன்பு புதிய தலைமைக் கணினிக்கு மாறிய நாளில் எல்லோருக்கும் ஒரே நாளில் புதுக் கடவுச்சொல் கொடுத்தார்கள். அதனால்தான் எல்லாம் ஒரே காலையில் காலாவதி.

அந்த மாற்றத்தைச் செய்தவர் யார்? அக்காவேதான்!

ஓசைப்படாமல் திருத்தியிருக்கலாமே? ஒருவருக்கும் தெரிந்திருக்காதே? அக்கா திருத்தினார், திரையோரம் எச்சரிக்கை எழுந்ததைக் கண்டார், பிறகு நேராக மேலாளரிடம் நடந்தார்.

“சார், பிள்ளைங்க மேல தப்பில்ல. செர்வர் மாத்தினப்ப நான்தான் அந்த எச்சரிக்கையை செட் பண்ணாம விட்டேன். ஏசணும்னா என்னை ஏசுங்க.”

மேலாளர் எங்களிடம் வந்து, “மன்னிச்சிருங்கம்மா” என்றார். கைதட்டுங்கள், அந்த மனசுக்கும் தட்டுங்கள்!

அதன்பின் ஆறாண்டு கருப்பையா அண்ணன் இருந்தார். மகள் விசாலத்தின் கல்யாணத்தைக் கண்குளிரக் கண்டார்.

அவையோரே, அறிவுள்ளோர் ஆயிரம் பேர் உண்டு. அழுகிறவள் சொல்வதை நம்பி அருகில் அமர்வோர் எத்தனை பேர்? தன் பிழையைத் தானே தேடிக் கண்டு, தலைநிமிர்ந்து சொல்வோர் எத்தனை பேர்? நான் ஒருவரைக் கண்டேன். பத்தாண்டு அவரோடு பணிசெய்தேன். அந்தப் பெருமை எனக்குப் போதும்!

அக்கா, போய்ச் சுகமாக இருங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, நிறைந்த நெஞ்சோடு அமர்கிறேன். வணக்கம்.