டெஸ் சாரின் பாதுகாவலர்

வெளிநாட்டிலிருந்து கொரியாவுக்கு வரும் ஆசிரியர்களுக்கு முதல் வாரம் நான் சொல்லிக்கொடுப்பது குப்பை பிரிப்பதைத்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டம்மா என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார். எங்கள் பல்கலைக்கழக மொழி நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பதினொரு பேர். வங்கி, விசா, பல்வலி என்று அவர்களுக்கு எது வந்தாலும் அலுவலகத்தில் இருப்பது நான் ஒருத்திதான்.

டெஸ்மண்ட் பர்க்கெட் நியூசிலாந்துக்காரர். பிள்ளைகளுக்கு டெஸ் சார். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நீங்க இல்லேன்னா எனக்கு இந்த ஊர்ல அடுப்பு பத்தவைக்கக்கூடத் தெரியாது. அப்ப நீங்கதானே அக்கா?" என்பார். குடும்பம் கிடையாது. ஊரில் ஒரு தங்கை மட்டும்.

அவர்களுடைய ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு வருடத்து ஒப்பந்தம். வாரத்துக்கு இருபத்தாறு மணி நேரம் வகுப்பு, விடுமுறையில் சிறுவர் முகாம். வேறு இடத்துக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் சம்மதக் கடிதம் வேண்டும். ஏழு நாளுக்கு மேல் நோயில் படுத்தால் வேலை போய்விடும். வேலையோடு அறையும் விசாவும் போகும். அதை எழுதியவள் நானில்லை. தட்டச்சு செய்தவள்தான்.

நானும் ஒப்பந்தத்தில் இருந்தவள்தான். இரண்டு வருடம் முடிந்தால் நிரந்தரம் செய்ய வேண்டும், அல்லது அனுப்பிவிட வேண்டும். இதற்கு முன் மூன்று கல்லூரிகள் என்னை அனுப்பிவிட்டன. போன வருடம் இரண்டு ஆசிரியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் ஓடிப்போனார்கள். இயக்குநர் க்வாக் என்னைக் கூப்பிட்டு, "ஹே-ஸுக், இன்னொரு வாத்தியார் பாதியில போனா நீயும் கூடவே பெட்டியக் கட்டிக்கோ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிப்ரவரியில் டெஸ் சாரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எக்ஸ்ரே எடுத்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். வேறு யார் பெயரை எழுதுவது? எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியைப் பாதுகாவலரிடம் சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. டாக்டர் இளைஞர், ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டார். என்னைப் பார்த்தே கொரிய மொழியில் பேசினார்.

"நுரையீரல்ல கட்டி இருக்கு. சின்னதுதான், பரவல. இப்பவே எடுத்துட்டா பொழச்சிக்குவார். ஒரு மாசத்துக்குள்ள சேர்த்துடுங்க."

டெஸ் சார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் அக்கா?"

"சிகரெட்ட விடச் சொல்றார்."

"அவ்வளவுதானா? இதுக்கா இப்படி முகத்த வச்சிருக்கார்!"

அன்றைக்கே விட்டுவிட்டார். அதை நான் சொல்லியாக வேண்டும். ஆறு வருடப் பழக்கத்தைச் சட்டென்று விட்டுவிட்டு, ஜின்செங் வேர் மிட்டாயைச் சப்பிக்கொண்டு திரிந்தார். எனக்கும் இரண்டு கொடுப்பார்.

பருவம் முடியட்டும், ஜூனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை நாங்கள் நான்கு பிள்ளைகளும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. நிம்மதியாகப் போனார். மறைப்பதும் ஒரு பரிவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து என் எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை, அவர் சொந்த நாட்டுக்கே போய் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார் என்றேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மே மாதம் வேறொரு கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. வகுப்பு குறைவு, முகாமும் இல்லை. சம்மதக் கடிதம் கேட்டு வந்தார். புதிதாகச் சேர்ந்தால் புதிதாக எக்ஸ்ரே எடுப்பார்கள். இயக்குநர் மறுத்துவிட்டார் என்று சொன்னேன். இயக்குநரிடம் நான் கேட்கவே இல்லை.

"பரவால்ல அக்கா, நீங்க எவ்வளவோ பேசிப் பாத்திருப்பீங்க" என்றார்.

ஜூலையில் என்னை நிரந்தரம் செய்தார்கள். அப்போது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் பிப்ரவரியிலிருந்து தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இருமலுக்குப் பேரிக்காய்ச் சாறு வாங்கிக் கொடுத்தேன். பெட்டி பெட்டியாக வாங்கினேன்.

ஆகஸ்டில் முகாம் வகுப்பில் இரத்தம் கக்கினார். இந்த முறை போன ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. எல்லாவற்றையும் டெஸ் சாரிடமே சொன்னார். கட்டியை இனி எடுக்க முடியாது என்பதையும் சொன்னார்.  டெஸ் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சின்ன டாக்டர் கவனிக்கல போல. பாவம், அவரக் கோவிச்சுக்காதீங்க அக்கா."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த நான்கு மாதமாக எனக்குத் தூக்கம் கெட்டது அந்தத் தலையாட்டலால்தான். மற்றது எதனாலும் இல்லை.

அக்டோபரில் இறந்தார். அழுதேன், அது நடிப்பில்லை. என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு நம்பியவர் வேறு யாருமில்லை. தங்கை வந்து சாம்பலை வாங்கிக்கொண்டு போனாள். போவதற்கு முன் அந்தச் சின்ன டாக்டர் மேல் புகார் எழுதிக் கொடுத்தாள். அதைக் கொரிய மொழியில் மாற்றிக் கொடுத்தது நான்தான், கேட்டாள், கொடுத்தேன். என்னிடம் சொன்னதை டாக்டர் எழுதி வைத்த குறிப்பை நீங்கள் தேடி எடுக்காமல் இருந்திருந்தால், இன்றைக்கு இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் என் இடத்தில் அந்த டாக்டர் உட்கார்ந்திருப்பார்.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் பிழைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன், என் வேலைக்காக. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குள் என்னை விட்டுவிட முடியுமா? அவர் இடத்துக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். சின்னப் பெண், ஒரு வார்த்தை கொரியம் தெரியாது. அவளை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?